ஈருறுப்புப் பரவலும் இல்லறக் கணக்கும்

(ஜவ்வாது மலையடிவாரத்து அமிர்தியிற் கூடிய நம் சங்கத்து மாணவர் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வேலூரினின்று சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், காடும் அருவியும் விலங்குப் பூங்காவும் ஒருங்கே அமைந்த இவ்வமிர்தியிற் கூடியிருக்கும் நம்மவரிடம் கணக்குப் பேச வந்தது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். சிறுவர்கள் மானையும் மயிலையும் காண விரைகின்றனர் என்பதை அறிவோம். அவர்களை நெடும்பொழுது நிறுத்திவைக்கும் எண்ணம் எமக்கில்லை. மேல்நிலை இரண்டாமாண்டிற் பயிலும் நம் குலத்து மாணவர் பலர் 'ஈருறுப்புப் பரவல்' என்னும் பாடத்தில் வாய்பாட்டை மனப்பாடம் செய்கின்றனரேயன்றி அதன் பொருளை உணர்கின்றிலர். அதனை எளிய முறையில் விளக்குக என்று சங்கக் காரியதரிசியவர்கள் பணித்தார்கள். அப்பணியை ஏற்றபின் ஆழ்ந்து நினைத்துப் பார்க்குமிடத்து, இவ்விளக்கம் மாணவரினும் அவர்தம் பெற்றோர்க்கே, அதிலும் மணப்பேச்சு நடத்தும் பெரியோர்க்கே, மிகுதியும் வேண்டற்பாலது என்று எமக்குத் தோன்றியது. ஆதலின் இருசாராரும் செவிசாய்க்குமாறு வேண்டுகின்றோம்.

முதலில் மாணவர்க்கு. 'ஈருறுப்பு' என்ற பெயரைக் கண்டு அஞ்சுதல் வேண்டா. தமிழ் படித்த பிள்ளை எவரும் இக்கணக்கின் பாதியை முன்னரே கற்றுவிட்டனர். கற்றது கணக்கு என்பதை மட்டும் அறியார். யாப்பிலக்கணத்தில் அசை இருவகை: நேர், நிரை. இரண்டு அசை சேர்ந்தால் ஈரசைச்சீர். அவை தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என நான்கு. மூவசைச்சீர், காய் நான்கும் கனி நான்குமாக எட்டு. நாலசைச்சீர், தண்பூ, நறும்பூ, தண்ணிழல், நறுநிழல் என்னும் ஈறுகளால் பதினாறு. இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு என அசை ஒன்று கூடுந்தோறும் சீர் இரட்டிக்கின்றது. ஒவ்வோரிடத்திலும் வரக்கூடியவை இரண்டேயாதலின் இங்ஙனம் நிகழ்கின்றது.

இனி, அம்மூவசைச்சீர் எட்டனையும் வேறொரு முறையாற் பகுத்துப் பாருங்கள். எத்தனை நிரை உள்ளன என்று மட்டும் எண்ணுங்கள். நிரையே இல்லாதது தேமாங்காய் ஒன்று. ஒரு நிரை உடையன புளிமாங்காய், கூவிளங்காய், தேமாங்கனி என மூன்று. இரு நிரை உடையன கருவிளங்காய், புளிமாங்கனி, கூவிளங்கனி என மூன்று. மூன்றும் நிரையானது கருவிளங்கனி ஒன்று. ஆக 1, 3, 3, 1. நாலசைச்சீரை இவ்வாறு பகுத்தால் 1, 4, 6, 4, 1 என வரும். வேண்டுவோர் வீட்டிற் சென்று பதினாறனையும் எழுதிப் பார்க்கலாம். பதினோராம் வகுப்பில் ஈருறுப்புத் தேற்றத்திற் காணும் கெழுக்கள் இவையே. வடமொழி யாப்பிலும் இவ்வாறே லகு, குரு என்னும் இருவகை அசைகளை எண்ணப் புகுந்த பிங்கலரின் சூத்திரத்திற்கு, பத்தாம் நூற்றாண்டில் உரை வகுத்த ஹலாயுதர், மேருமலை போல் அடுக்கடுக்காக எண்களை எழுதிக் காட்டினார். அதனை மேரு பிரஸ்தாரம் என்பர். பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் 1654-இல் அம்முக்கோணத்தைப் பற்றி எழுதியமையின் மேனாட்டார் அதற்கு அவர் பெயரை இட்டனர். பள்ளிப் புத்தகத்திலும் அப்பெயரே நிலைத்துவிட்டது. அதுபற்றி வழக்காட இது நேரமன்று.

சீர்களை எண்ணுவதற்கும் நிகழ்தகவிற்கும் தொடர்பு யாதெனின், கூறுவோம். தாயம் ஆடுவோர் புளியங்கொட்டையின் ஒரு புறத்தைத் தரையிற் தேய்த்து வெள்ளையாக்குவர். அத்தகைய கொட்டை நான்கினை எறிந்தால் ஒவ்வொன்றும் வெள்ளையாகவோ கறுப்பாகவோ விழும். நேர், நிரை போலவே இங்கும் இரண்டே நிலை. பதினாறு வகையாக விழலாம். அவற்றுள் இரண்டு வெள்ளை வருவதற்கு வழி ஆறு. நான்கும் வெள்ளையாவதற்கு வழி ஒன்றே. இரண்டு அடிக்கடி விழுவதும் நான்கு அரிதாக விழுவதும் தெய்வச் செயலோ கைத்திறனோ அல்ல. வழிகளின் எண்ணிக்கையே காரணம். கொட்டை இருபுறமும் ஒத்த வாய்ப்புடையதாயின் பதினாறு வழிகளும் சமம். ஒருபுறம் கனத்து மற்றொருபுறம் இலேசாயிருப்பின் சமமாகா. அப்பொழுது ஒவ்வொரு வழிக்கும் உரிய தகவைத் தனியே கண்டு, வழிகளின் எண்ணால் பெருக்க வேண்டும். வாய்பாடு முழுவதும் இவ்வளவே. வெற்றித்தகவை எத்தனை வெற்றியோ அத்தனை முறை பெருக்குக. தோல்வித்தகவை எத்தனை தோல்வியோ அத்தனை முறை பெருக்குக. பின் அவ்வாறு நிகழக்கூடிய வழிகளின் எண்ணாற் பெருக்குக. சுவிட்சர்லாந்து நாட்டு யாகோப் பெர்னோலி இதனை ஒழுங்குபட எழுதினார். அவர் 1705-இற் காலமானார். நூல் 1713-இல் அச்சேறியது.

புத்தகத்தில் 'வெற்றி' என்னும் சொல் வருமிடத்தில் ஒரு சிறு எச்சரிக்கை. எதனை எண்ணுகின்றோமோ அதுவே கணிதத்தில் வெற்றி. பழுதான விளக்கை எண்ணினால் பழுதே வெற்றி. நோயுற்ற குழந்தையை எண்ணினால்... சொல்லக் கூசினாலும் கணக்கிற்கு அதுவே வெற்றி. இப்பெயரை இட்டவர்கள் சூதாட்டத்தை நினைந்து இட்டனர்போலும்!

இம்மலைக்குரிய எடுத்துக்காட்டு ஒன்றும் கூறுவோம். ஜவ்வாது மலை சந்தனத்திற்குப் பேர்பெற்றது. நாற்றங்காலிற் பை ஒன்றுக்கு ஒரு விதை இடுகின்றோம் எனவும், விதை முளைக்கும் தகவு பாதி எனவும் கொள்வோம். ஆயிரம் பைகளில் ஏறக்குறைய 500 வெறும்பையாய் நிற்கும். இரண்டு விதை இட்டால் வெறும்பை 250. மூன்று இட்டால் 125. நான்கு இட்டால் 62 அல்லது 63. ஒரு விதையைக் கூட்டுந்தோறும் இழப்பு பாதியாகின்றது. ஆனால் முற்றும் ஒழிவதில்லை. எத்தனை விதையோடு நிறுத்துவது என்பது விதையின் விலையையும் பையின் விலையையும் ஒப்பிட்டு முடிவு செய்யற்பாலது. ஆயின், விதை முழுவதும் பூச்சியரித்த ஒரே மரத்தினின்று வந்திருப்பின் இக்கணக்கு பொய்த்துப்போம். ஒரு விதை கெட்டால் பக்கத்து விதையும் கெட்டிருக்கும். நான்கு இட்டும் பயனில்லை.

இவ்விடத்தே தான் பாடத்தின் உயிர்நிலை இருக்கின்றது. ஈருறுப்புப் பரவலைப் பயன்படுத்த வேண்டுமாயின், முயற்சிகளின் எண்ணிக்கை முன்னரே வரையறுக்கப்பட்டிருத்தல், ஒவ்வொன்றிலும் இரண்டே முடிவு, தகவு மாறாதிருத்தல் ஆகிய மூன்றும் வேண்டும். இவற்றை மாணவர் எளிதில் எழுதிவிடுவர். நான்காவதாக, ஒரு முயற்சியின் முடிவு மற்றொன்றைச் சாராதிருத்தல் வேண்டும். இதனையும் எழுதிவிடுவர், ஆனால் எழுதிய கையோடு மறந்தும்விடுவர். இதே மலைத்தொடரில் காவலூரில் வானாய்வு நிலையம் இருப்பதை அறிவீர்கள். 1986 முதல் அங்கே 2.3 மீட்டர் விட்டமுள்ள வைணு பாப்பு தொலைநோக்கி இயங்கி வருகின்றது. ஆண்டில் பாதி இரவுகள் மேகமின்றித் தெளிந்திருக்குமென ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டு, தொடர்ந்து பத்து இரவும் தெளிந்திருக்கும் தகவு என்ன என்று வினவினால், மாணவர் பாதியைப் பத்து முறை பெருக்கி 1024-இல் ஒன்று என்று விடை எழுதுவர். பிப்ரவரித் திங்களில் மலைமேல் வந்து பார்ப்பவரோ பத்திரவும் விண்மீன் நிறைந்திருக்கக் காண்பர். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வருபவர் பத்திரவும் ஒரு மீனையும் காணார். நேற்றைய வானம் இன்றைய வானத்தை இழுத்துக்கொண்டு வருகின்றது. பெருக்கல் தவறன்று, பெருக்கத்தகாத இடத்திற் பெருக்கியதே தவறு.

ஒன்றையொன்று சாராதவற்றைச் சார்ந்தனவென மயங்குதல் ஒரு பிழை. சார்ந்தவற்றைச் சாராதனவென மயங்குதல் மற்றொரு பிழை. நம் குடும்பங்களில் இவ்விரண்டும் ஒருங்கே குடிகொண்டிருக்கின்றன என்பதே யாம் இன்று கூற வந்த செய்தி.

முதற் பிழையைப் பார்ப்போம். மூன்று பெண் பிறந்த வீட்டில் நான்காவது ஆண்தான் என்று கிழவிகள் உறுதி கூறுவர். ஆணும் பெண்ணும் பிறக்கும் தகவு ஏறக்குறையப் பாதி பாதி. ஆண் சற்றே மிகுதி. நான்கும் பெண்ணாதல் பதினாறில் ஒன்று என்பது மெய்யே; அது ஒரு குழந்தையும் பிறவாமுன் கூறும் கணக்கு. மூன்று பிறந்துவிட்ட பின் எஞ்சியது ஒரே பிறப்பு. அதன் தகவு பழையபடி பாதி. கருவிற்கு மூத்த அக்காமார் எத்தனை பேர் என்று தெரியாது. இச்சிறு உண்மையை உணராமையால் தமிழ்நாட்டில் எத்தனை பெண்மக்கள் 'போதும்பொண்ணு' என்றும் 'வேண்டாம்' என்றும் பெயர் சுமந்து பள்ளிக்கூடத்தில் தலைகுனிந்தனர்! ஆணா பெண்ணா என்பது தந்தையின் விந்தணுவால் அமைவதாக இருக்க, பழி முழுவதும் தாயின் தலைமேல் விழுந்தது. கருவிலேயே பால் அறிந்து அழிக்கும் கொடுமை தலையெடுக்கவே, 1994-இல் அரசு சட்டம் இயற்ற நேர்ந்தது. இதனை இவ்வளவோடு நிறுத்துகின்றோம். இதனினும் நுட்பமான செய்தி ஒன்று உண்டு.

ஆஸ்திரிய நாட்டுத் துறவி மெண்டல், பட்டாணிச் செடிகளைக் கலந்து வளர்த்து 1866-இல் வெளியிட்ட கட்டுரையில், இரண்டாந் தலைமுறை விதைகள் 7324-ஐ எண்ணி, உருண்டை 5474, சுருங்கியது 1850 எனக் கண்டார். நான்கிலொன்று என்ற கணக்குப்படி சுருங்கியவை 1831 இருத்தல் வேண்டும், வேறுபாடு 19. இது பெரிதோ சிறிதோ என்று அறிய ஈருறுப்புப் பரவலே கோல் தருகின்றது. அதன் திட்ட விலக்கம், எண்ணிக்கையையும் வெற்றித்தகவையும் தோல்வித்தகவையும் பெருக்கி வர்க்கமூலம் காண்பது. இங்கே 37. பத்தொன்பது அதற்குட்பட்டதாகலின் பொருட்படுத்தற்பாலதன்று.

இந்நான்கிலொன்று மனிதர் இரத்தத்திலும் உண்டு. தலசீமியா என்றும், அரிவாளணுச் சோகை என்றும் கூறப்படும் நோய்கள், தாய்வழி ஒன்று தந்தைவழி ஒன்றாக இரு பழுதுற்ற மரபணுக்கள் கூடினாலன்றித் தோன்றா. ஒன்று மட்டும் உடையவர் நோயாளரல்லர். அவரைக் கடத்தி என்பர். அவர் உழுவார், ஓடுவார், பிள்ளை பெறுவார். தாம் கடத்தி என்பதையே அறியார். இருவர் கடத்தியாய் மணந்தால், ஒவ்வொரு பிறப்பிலும் நோய் வருவதற்குத் தகவு நான்கிலொன்று, கடத்தியாதற்குப் பாதி, முற்றும் நீங்குதற்கு நான்கிலொன்று. கொடிய தலசீமியா உற்ற குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு வாரத்திற்கு ஒருமுறை வாழ்நாள் முழுவதும் பிறர் இரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றிய இரத்தத்தின் இரும்பு உடலிற் தங்கி இருதயத்தையும் ஈரலையும் அரிக்குமாதலின் அதற்கும் மருந்து வேண்டும். எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை உண்டு. வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 1986 முதலே அது நடைபெறுகின்றது. ஆயினும் பொருந்தும் மஜ்ஜை கிடைத்தல், பொருட்செலவு இரண்டும் எளியவல்ல.

அத்தகைய பெற்றோரிடம் மருத்துவர் 'நான்கிலொன்று' என்கின்றார். அவர்கள் செவியில் அது எவ்வாறு விழுகின்றது? 'முதற்குழந்தைக்கு வந்துவிட்டது, நான்கிலொன்று கழிந்தது, இனி மூன்று நலமாய்ப் பிறக்கும்' என்று துணிகின்றனர். இவ்வாறு கூறியோரை யாம் நேரிற் கண்டுள்ளோம். படித்தோரும் அவருள் இருந்தனர். கருவிற்கு அக்காமார் எண்ணிக்கை தெரியாதது போலவே அண்ணனின் நோயும் தெரியாது. இரண்டாவதற்கும் நான்கிலொன்று, மூன்றாவதற்கும் நான்கிலொன்று.

மாணவர்களே, இப்பொழுது கணக்கைப் போடுங்கள். கடத்தியர் இருவர்க்கு நான்கு குழந்தைகள். ஒருவர்க்கும் நோயின்மை 256-இல் 81. ஒருவர்க்கு மட்டும் 108. இருவர்க்கு 54. மூவர்க்கு 12. நால்வர்க்கும் 1. இவற்றைக் கூட்டினால் 256 ஆதலைக் காண்க. நான்கிலொன்று என்று வாயாற் சொல்லும்படியே நிகழும் வீடு நூற்றுக்கு 42 மட்டும். சுமார் 32 வீடுகள் துன்பமின்றித் தப்புகின்றன. சுமார் 26 வீடுகளில் இரண்டோ அதற்கு மேலோ வந்து தாக்குகின்றது. மெண்டலின் 7324 விதையில் திட்ட விலக்கம் 37. எதிர்பார்த்த எண்ணில் நூற்றுக்கு இரண்டு பங்கு. நான்கு குழந்தையுள்ள வீட்டில் எதிர்பார்ப்பது ஒன்று. திட்ட விலக்கமோ 0.87, ஏறக்குறைய அவ்வொன்றே. ஊர் முழுவதையும் கூட்டினால் ஒழுங்காய்த் தோன்றும் விதி, ஒரு வீட்டுக்குள் நுழைந்தவுடன் ஒழுங்கற்றதாய்த் தோன்றுவது இதனாலேயாம்.

இக்காலத்தில் நான்கு பெறுவார் யார் எனலாம். நன்று, இரண்டே குழந்தை எனக் கொள்வோம். கடத்தித் தம்பதியர் பதினாறு குடும்பத்தில், ஒன்பது குடும்பத்தில் நோயே தோன்றாது. ஆறில் ஒரு குழந்தைக்கு, ஒன்றில் இரண்டிற்கும். ஆகவே பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் மரபணு இருப்பது வெளிப்படாமலே மறைந்து நிற்கும். 'எங்கள் வமிசத்தில் அப்படியொன்றும் கிடையாது' என்று பெண்வீட்டாரும் பிள்ளைவீட்டாரும் மார்தட்டுவது எத்துணைச் சான்றாகும் என்று நீங்களே அளந்துகொள்ளலாம். குடும்பம் சிறுத்துப்போகப் போக அச்சான்று மேலும் மெலிந்துபோகின்றது.

மருத்துவமனைப் பதிவேடு மட்டும் காண்பவர்க்கு நேர்மாறான மயக்கம் உண்டாகும். அப்பதினாறு குடும்பத்தில் அவரிடம் வருவன ஏழு; அவ்வேழு வீட்டுக் குழந்தைகள் 14; நோயுற்றோர் 8. பாதிக்கு மேல் நோயென அவர் கணக்கிடுவார். உண்மை கால் பங்கே. வராத ஒன்பது வீட்டையும் நினைவிற்கொண்டு இக்கோணலைத் திருத்தும் முறைகளை ஆராய்ந்தவருள் ஹால்டேன் என்னும் ஆங்கில அறிஞர் ஒருவர். அவர் 1957-இல் கல்கத்தாவிலிருந்த இந்தியப் புள்ளியியல் நிறுவனத்திற்கு வந்து, இந்நாட்டையே தம் நாடாகக் கொண்டு, 1964-இல் புவனேசுவரத்திற் காலமானார். தென்னாட்டு உறவுமணத்தை முறையாக ஆராய வேண்டுமென்று இளைஞர்களைத் தூண்டியவரும் அவரே.

அவ்வுறவுமணமே நாம் கூறிய இரண்டாம் பிழையின் இருப்பிடம். இந்தியரில் பீட்டா தலசீமியாக் கடத்தியர் நூற்றுக்கு மூவர் முதல் நால்வர் வரை எனக் கணிப்பர். முப்பதில் ஒருவர் எனக் கொள்வோம். மணமகன் கடத்தியாதல் முப்பதில் ஒன்று. மணமகள் கடத்தியாதல் முப்பதில் ஒன்று. இருவரும் கடத்தியாதல் இரண்டையும் பெருக்க, 900-இல் ஒன்று. அஞ்சத்தக்கதன்று என்று தோன்றும். ஆயின் பெருக்குமுன் வினவினீர்களா, இவ்விருவரும் ஒருவரையொருவர் சாராதவர்தாமா என்று?

தாய்மாமன் மகளை மணக்கும் பையன் ஒருவன் கடத்தியெனக் கொள்க. அம்மரபணு அவன் தாய்வழி வந்திருத்தல் பாதி. தாய்க்கு இருப்பின் அவள் தமையனுக்கும் இருத்தல் பாதி. தமையனுக்கு இருப்பின் அவன் மகளுக்கு இறங்குதல் பாதி. ஆக எட்டிலொன்று. அக்காள் மகளை மணக்கும் மாமனாயின் படி ஒன்று குறைவு, நான்கிலொன்று. இவற்றோடு வெளிவழியாக வரக்கூடிய சிறு பங்கையும் சேர்த்தால், இருவரும் கடத்தியாகும் தகவு மாமன் மகள் மணத்தில் சுமார் 200-இல் ஒன்றும், அக்காள் மகள் மணத்தில் சுமார் 110-இல் ஒன்றும் ஆகின்றது. 900 எங்கே, 110 எங்கே! விதை முழுவதும் ஒரே மரத்தினின்று வந்தாற்போல இது. குழந்தைகளுக்குள் தொடர்பில்லாத இடத்தில் தொடர்பைக் கற்பித்து ஆறுதல் அடைகின்றோம். மணமக்களுக்குள் தொடர்பு உள்ள இடத்தில் அதனைக் கணக்கிற் சேர்க்க மறக்கின்றோம். 2019-21-இல் நடந்த தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களுள் நான்கிலொரு பங்கிற்கு மேற்பட்டோர் உறவினரையே மணந்தவர். இது பிறர் செய்தியன்று; நம் வீட்டுச் செய்தி.

உறவு விட்டுப் பிறத்தியாரிற் கொண்டாலும், நம் மரபிற்குள்ளேயே பன்னூறு ஆண்டாகக் கொண்டு கொடுத்து வருகின்றோம் என்பதையும் மறைத்தல் தகாது. 2017-இல் ஐதராபாத்து உயிரணு மூலக்கூற்று உயிரியல் மைய அறிஞர்களும் அமெரிக்க அறிஞர்களும் தெற்காசியாவின் 263 சமூகங்களை ஆராய்ந்து, அவற்றுள் 81 சமூகங்கள் மிகச் சிலரான முன்னோரிடமிருந்தே பெருகி, உள்மணத்தால் அவர்தம் மரபணுக்களை மிகுதியாகத் தாங்கி நிற்கின்றன எனக் கண்டனர். வைசிய மரபினருள் சிலர்க்கு, அறுவைச் சிகிச்சையில் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் மருந்தொன்று விரைவில் நீங்காது மூச்சைத் தடுக்கும் இயல்பு பிறரினும் மிகுதியாகக் காணப்படுவது இதற்கு எடுத்துக்காட்டு. இஃது இழிவன்று, முன்னெச்சரிக்கை. அறிந்தால் மருத்துவர் வேறு மருந்து கொடுப்பர்; முடிந்தது காரியம். மலைவாழ் மக்களிடத்தும் அவ்வாறே. 1952-இல் லேமன், கட்புஷ் என்னும் இருவர் நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாளணுக் கடத்தியரைக் கண்டு வெளியிட்டனர். அந்நோயை 2047-க்குள் ஒழிக்கும் குறிக்கோளோடு 2023-இல் இந்திய அரசு தனி இயக்கம் தொடங்கி, பழங்குடி மக்களுக்கு இரத்தப் பரிசோதனை செய்து வருகின்றது. மலையில் உள்ளார் கையை நீட்டி இரத்தம் தர, சமவெளியில் உள்ள நாம் மட்டும் சாதகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது என்ன நியாயம்?

சாதகம் பார்ப்பதை விடுக என்று யாம் கூறவில்லை. அது அவரவர் நம்பிக்கை. மாமன் மகளைக் கட்டாதே என்று கட்டளையிடவும் இச்சங்கத்திற்கு அதிகாரமில்லை. எத்தனையோ உறவுமணங்கள் நல்ல பிள்ளைகளைப் பெற்று இனிது வாழ்கின்றன என்பதையும் இதே கணக்கு ஒப்புக்கொள்ளும். யாம் வேண்டுவது ஒன்றே. சாதகம் மாறுமுன் ஹீமோகுளோபின் வகை காணும் இரத்தப் பரிசோதனைச் சீட்டு மாறட்டும்.

இதற்குத் தாய்மார் சிலர் கூறிய தடையை அறிவோம். 'பெண்ணுக்குக் குறை என்று ஊர் பேசிவிட்டால் பிறகு அவளை யார் கொள்வார்?' என்கின்றனர். நியாயமான அச்சமே. இதற்குக் கணக்கே வழி காட்டுகின்றது. நோய்க்கு இருவர் மரபணுவும் வேண்டும். ஒருவர்க்கு அவ்வகைக் கோளாறு ஏதுமில்லையெனத் தெளிந்தால் அந்நோய் குழந்தைக்கு வாராது. ஆகவே முதலில் பிள்ளைவீட்டார் பையனைப் பரிசோதிக்கட்டும். அவன் கடத்தியல்லன் எனின் பெண்ணின் கையில் ஊசி ஏற்றவே வேண்டா. முப்பதில் இருபத்தொன்பது பேச்சு அங்கேயே முடியும். அவன் கடத்தியாயின் அப்பொழுது பெண்ணுக்கும் பார்க்கலாம். இருவரும் கடத்தியென்றால், மருத்துவரைக் கலந்து, இம்மணம் வேண்டுமா, வேண்டின் கருவிலேயே பரிசோதித்துக்கொள்வதா என்பதை அவ்விருவரே முடிவு செய்க. முடிவுச் சீட்டு மணமக்களிடமே இருத்தல் வேண்டும். சங்கக் காரியாலயத்திற்கும் வாரவேண்டா, தரகர் கைக்கும் போகவேண்டா. பழியைப் பெண்மேலேயே சுமத்திப் பழகிய நமக்கு, பையனிடத்தே தொடங்குதல் சற்றுக் கசப்பாயிருக்கும், மருந்துதானே!

ஒன்று மட்டும் கூறாதொழிதல் நேர்மையன்று. இப்பரிசோதனை இரத்தத்தின் இவ்வகைக் கோளாறுகளை மட்டும் காட்டும். உறவுமணத்தில் வெளிப்படக்கூடிய பிற நோய்கள் பல; பிறவிச் செவிடும் அவற்றுள் ஒன்று. அவற்றைப் பற்றி இச்சீட்டு ஒன்றும் சொல்லாது. சீட்டு நலமெனக் காட்டியது, ஆகவே அக்காள் மகளைக் கட்டலாம் என்று எம் சொல்லைச் சான்றாகக் காட்டுவோர் உளராயின், அவர் கணக்கை மீளவும் படிக்க வேண்டும்.

இனி மாணவர்க்கு ஒரு வேலை. வாயிலருகே மேசைமேல் ஒருபுறம் தேய்த்த புளியங்கொட்டைகள் வைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு குடும்பத்தாரும் நான்கு கொட்டை எடுத்துக்கொண்டு, பதினாறு முறை எறிந்து, ஒவ்வொரு முறையும் எத்தனை வெள்ளை என்று தாளிற் குறிக்க வேண்டும். 1, 4, 6, 4, 1 என அமைய வேண்டுமென்று கையால் திருப்பி வைத்தல் கூடாது. இருபுறமும் சம வாய்ப்புள்ள கொட்டையாயினும், பதினாறு எறிவில் அவ்வாறே துல்லியமாக வருவது சுமார் 120-இல் ஒரு முறைதான். ஆதலின் எல்லாத் தாளும் அப்படியே வந்தால் யாம் ஐயுறுவோம். தேய்த்த புறம் இலேசாகி அதுவே அடிக்கடி மேலே வருகின்றதா என்பது கூட்டுத்தொகையில் தெரிந்துவிடும். தாள்களை மாலை நான்கு மணிக்குள், பேருந்து புறப்படுமுன், காரியதரிசியவர்களிடம் சேர்ப்பிக்க. மொத்தக் கணக்கு அடுத்த திங்கள் இதழில் வெளிவரும்.